சருகுக்கு விலை வந்தால்

தோப்பு உதிர்ப்பதை எரிகட்டியாக்க இயந்திரம் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறார்கள். முதலமடையில் சிக்கல் வேறு இடத்தில்.

பொள்ளாச்சியிலிருந்து அம்பராம்பாளையம் வழியாக மேற்கே போகும் சாலை கோவிந்தாபுரத்தில் மாநிலம் மாறுகிறது. பலகைகளில் எழுத்து மாறுகிறதே தவிர, மரங்கள் மாறுவதில்லை. பேச்சும் அவ்வளவாக மாறுவதில்லை. மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடியும் வாக்கியங்களை இங்கே எந்த டீக்கடையிலும் கேட்கலாம். சற்று தள்ளி, நெல்லியாம்பதி மலை சுவர் போல நிற்கும் அடிவாரத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த முதலமடை. நாட்டின் பிற பகுதிகளில் மா பூத்துக்கொண்டிருக்கும் ஜனவரியிலேயே இங்கு காய் பறிப்பு தொடங்கிவிடும். டெல்லிக்கும் மும்பைக்கும் முதலில் போய்ச் சேரும் மாங்காய் என்பதால்தான் ஊருக்கு 'மாங்கோ சிட்டி' என்று பெயர். கடந்த சில ஆண்டுகளாக இலைப்பேனும் தப்பிய பருவமும் சேர்ந்து விளைச்சலைக் கடித்துவிட்டன என்றாலும் பெயர் மட்டும் குறையவில்லை.

பெட்டி பெட்டியாக எண்ணி அனுப்பப்படும் மாங்காய்க்குக் கணக்கு உண்டு. தேங்காய்க்கும் உண்டு. மரத்தடியில் விழுவதற்குத்தான் கணக்கு இல்லை. மாவிலைச் சருகு, கவாத்து செய்த கிளை, தென்னை மட்டை, பாளை, பன்னாடை, குரும்பை. கூட்டிக் குவித்து நெருப்பு வைப்பது எளிது. செலவில்லை, ஒரு தீப்பெட்டி போதும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட கீழைக்காற்று வீசும் காலத்தில் இந்த எளிமையே ஆபத்தாகிவிடும். மலையடிவாரத் தோப்பிலிருந்து பறக்கும் ஒரு பொறிக்குக் காடு அதிக தூரமில்லை. பரம்பிக்குளம் புலிகள் காப்பகமே இந்தப் பஞ்சாயத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே அபராதம் அறிவித்தது. தோட்டத்துச் சருகை எரிப்பவர் யாரும் அதைக் குப்பை என்று நினைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எவ்வளவுதான் எரிகிறது? தென்னையை வைத்து ஒரு மனக்கணக்குப் போடலாம். ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 12 ஓலை உதிர்க்கும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் 840 ஓலை. மட்டையோடு சேர்த்து ஒன்று 3 கிலோ என்று வைத்தால் இரண்டரை டன். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் நன்கு பராமரிக்கப்படும் ஒரு ஹெக்டேர் தென்னந்தோப்பில் ஆண்டுக்கு 6 முதல் 8 டன் ஓலை கிடைக்கும் என்கிறது. மனக்கணக்கும் அதையேதான் சொல்கிறது. நன்கு காய்ந்த ஓலை ஒரு கிலோவில் ஏறக்குறைய 3,800 கிலோகலோரி வெப்பம் உண்டு. சமையல் கேஸ் ஒரு கிலோவில் 11,000.

அடுப்பைச் சேர்த்துக்கொண்டால்தான் கணக்கு சுவாரஸ்யமாகிறது. மூன்று கல் அடுப்பு தான் தின்னும் விறகில் பத்தில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் பானைக்குத் தருகிறது. கேஸ் அடுப்பு பத்தில் ஆறு பங்கு. இந்தக் கணக்கில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையைச் செய்ய 250 கிலோ ஓலை வேண்டும். அதாவது ஏழு மரங்கள் ஓராண்டில் உதிர்ப்பது அனைத்தும். அதே ஓலையை நான்கில் ஒரு பங்கு வெப்பத்தைப் பானைக்குத் தரும் நல்ல அடுப்பில் எரித்தால் 100 கிலோ போதும். சருகை என்ன செய்வது என்று கேட்பதற்கு முன் எந்த அடுப்பில் என்று கேட்க வேண்டும் என்பதை இந்தப் பகுதி முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறது. பாலக்காட்டை அடுத்த முண்டூரில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1987-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த கிராமியத் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. புகையில்லாத 'பரிஷத் அடுப்பு' 1980-களில் கேரள வீடுகளில் பரவியது அந்த இயக்கத்தின் கைவண்ணம்.

கேரளத்தின் சமையலறைகளில் இன்னொரு விநோதமும் உண்டு. கல்வியிலும் சுகாதாரத்திலும் எல்லாப் பட்டியலிலும் முன்னே நிற்கும் மாநிலம் இது. ஆனால் 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி கேஸ் போன்ற தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் கேரளத்தில் சுமார் 72 சதவிகிதம். தமிழ்நாட்டில் சுமார் 83. காரணம் வறுமை மட்டும் அல்ல. வீட்டைச் சுற்றியே விறகு விழுகிறது. தென்னை நிற்கும் வரை அடுப்பு அணையாது என்ற தைரியம். சிலிண்டர் வாங்கிய வீட்டிலும் குளிக்க வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் பின்புறம் ஓர் அடுப்பு உயிரோடு இருக்கும்.

இந்தச் சருகை ஊர் தாண்டி விற்க முடியுமா என்பதுதான் எரிகட்டிக்காரர்களின் கேள்வி. எரிகட்டி என்பது ஏட்டுத் தமிழ். கோவை, திருப்பூர் பாய்லர்க்காரர்களிடம் கேட்டால் 'பிரிக்கெட்' என்பார்கள். யோசனை புதிதல்ல. மரத்தூளைச் சூடாக்கி நீராவிச் சம்மட்டியால் அடித்துக் கட்டியாக்கும் முறைக்கு சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஸ்மித் 1880-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். (கார் தொழிற்சாலையில் மிஞ்சிய மரத்துண்டுகளைக் கரிக்கட்டியாக்கி 1920-களில் விற்ற ஹென்றி ஃபோர்டும் இந்த வரிசையில் ஒருவர். கழிவு என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது போலும்.)

எரிகட்டிக்குப் பசை எதுவும் சேர்ப்பதில்லை. பசை செடியிலேயே இருக்கிறது. மரத்துக்கும் மட்டைக்கும் விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருள், 130 டிகிரி செல்சியஸுக்கு மேல் இளகத் தொடங்கும். நறுக்கிப் பொடித்த சருகை இரும்புக் குழலுக்குள் உந்துதண்டாலோ திருகாலோ பலமாக இடித்துத் தள்ளும்போது, உராய்வில் அந்தச் சூடு பிறக்கிறது. லிக்னின் இளகி, துகள்களைப் பிடித்துக்கொண்டு, ஆறியதும் இறுகிவிடுகிறது. வெளியே வருவது கை பருமனுள்ள உருளை. தளர்வாகக் கிடக்கும்போது ஒரு கன மீட்டர் சருகு 50 முதல் 100 கிலோதான். கட்டியான பிறகு அதே கன மீட்டர் 1,000 கிலோவைத் தாண்டும், தண்ணீரில் போட்டால் மூழ்கும். லாபம் முழுக்க இந்த ஒரு வித்தையில்தான் இருக்கிறது. லாரி நிறையச் சருகு ஏற்றினால் இரண்டு மூன்று டன் ஏறும், மிச்சம் காற்று. காற்றை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி வரை போனாலே டீசல் காசு தேறாது.

ஆனால் வித்தை பலிக்கச் சருகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் 8 முதல் 12 சதவிகிதத்துக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் உள்ளே பிறக்கும் நீராவி கட்டியை வெடிக்க வைத்துவிடும். எரிகட்டிக்குப் பதில் சூடான பொடி வரும். மண் ஒட்டியிருந்தால் வேறு தொல்லை. மணலும், உமியில் இயல்பாகவே இருக்கும் சிலிக்காவும் திருகையும் குழலையும் அரம் போல ராவிவிடும். இந்தியாவில் ஆரம்ப காலத்தில் முளைத்த எரிகட்டி ஆலைகள் பல மூடியதற்குத் தேய்மானமும் மூலப்பொருள் தட்டுப்பாடும் பெரிய காரணங்கள். டெல்லி ஐ.ஐ.டி.யின் குரோவரும் மிஸ்ராவும் எழுதி, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1996-ல் பாங்காக்கிலிருந்து வெளியிட்ட கையேடு இதற்கு ஒரு வழி சொன்னது: பொடியை இயந்திரத்தில் போடும் முன்பே சூடாக்கிவிட்டால் திருகு அதிக நாள் உழைக்கும், மின்சாரமும் மிச்சம். சமையலில் பருப்பை ஊறவைப்பது போன்ற யோசனைதான். அதைக் கண்டுபிடிப்பதற்குள் பலர் முதலை இழந்துவிட்டார்கள்.

இயந்திரம் வாங்க முடியாதவர்களுக்கு இன்னொரு பாதை உண்டு: முதலில் கரியாக்கு, பிறகு கட்டியாக்கு. மூடிய டிரம்மில் காற்றைக் குறைத்துச் சருகைக் கருக்கி, கரித்தூளோடு கொஞ்சம் மரவள்ளி மாவுக் கஞ்சி கலந்து, அச்சில் அழுத்தி வெயிலில் காயவைத்தால் போதும். இதில் பெயர் வாங்கியவர் புனேயின் ஆனந்த் கர்வே. மானுடவியலாளர் ஐராவதி கர்வேயின் மகன். 1996-ல் அவர் தொடங்கிய கிராமியத் தொழில்நுட்ப நிறுவனமான 'ஆர்ட்டி', வயலில் எரிக்கப்பட்டு வந்த கரும்புச் சோகையை எடுத்துக் கரிக்கட்டியாக்கியது. அதற்காக 2002-ல் பிரிட்டனின் ஆஷ்டன் விருதும் கிடைத்தது. அவர்கள் வடிவமைத்த 'சராய்' அடுக்குப் பாத்திரத்தில் 100 கிராம் கரிக்கட்டியில் ஐந்து பேருக்குச் சோறு, பருப்பு, காய் மூன்றும் வெந்துவிடும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 100 கிலோ காய்ந்த சருகிலிருந்து 25 கிலோவுக்குச் சற்று முன்பின்னாகத்தான் கரி கிடைக்கும். சருகில் இருந்த வெப்பத்தில் பாதிக்கு மேல் டிரம்மிலேயே போய்விடும். இலைக்கரியில் சாம்பலும் அதிகம். அதற்கு ஈடாகக் கிடைப்பது புகையற்ற நெருப்பு. புகை இல்லை என்பதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு மூட்டவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு புகையைவிடக் கொடியது.

கரி விஷயத்தில் முதலமடைக்காரர்கள் புனே வரை போக வேண்டாம். எல்லைக்கு இந்தப் பக்கமே பாடம் இருக்கிறது. பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரத்தில் கொப்பரைக் களங்களில் மிஞ்சும் தேங்காய்த் தொட்டியை (கேரளத்தில் சிரட்டை) குழியில் போட்டு எரித்துக் கரியாக்குவது பழைய தொழில். ஒரு டன் கரிக்கு ஏறக்குறைய 30,000 தொட்டி. அந்தக் கரிதான் ஆலைகளில் நீராவி பட்டு, தண்ணீர் சுத்திகரிக்கவும் தங்கம் பிரிக்கவும் பயன்படும் 'ஆக்டிவேட்டட் கார்பன்' ஆகி உலகம் சுற்றுகிறது. ஒரு காலத்தில் அள்ளிப்போனால் போதும் என்றிருந்த பொருள் இது. 2025-ல் தேங்காய் விலை எகிறியபோது தொட்டி விலையும் கூடவே எகிறியது. வீட்டு அடுப்பில் தொட்டி எரிப்பது இன்று காசை எரிப்பது. கரிக்குழிகளின் புகையும் கழிவுநீரும் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மிஞ்சின. அந்த வழக்கும் வாதமும் தனிக்கதை.

தென்னை நார்க்கழிவின் கதை இன்னும் வேகமானது. நார் உரித்த பிறகு நாரைப் போல இரு மடங்கு எடைக்கு மிஞ்சும் அந்தப் பழுப்புத் தூள் ஆலைகளின் பின்னால் குன்று குன்றாகக் குவிந்து கிடந்தது. அதையும் எரிகட்டியாக்கலாமா என்று யோசித்தார்கள். தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்திருக்கும் தூளைக் காயவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு அந்த உறிஞ்சும் குணத்தையே வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் விரும்பினார்கள். உப்பு நீக்கி, கட்டியாக அழுத்தி, மண்ணுக்குப் பதிலாகக் கப்பலேறியது. எரிக்கப் பார்த்த பொருள் ஏற்றுமதிப் பொருளானது. ஆகவே தோப்பில் இன்னும் விலையில்லாமல் எஞ்சியிருப்பவை ஓலை, மட்டை, மாங்கிளை, சருகு ஆகியவைதான்.

இவற்றுக்கும் விலை வரும் அறிகுறி தெரிகிறது. நிலக்கரியோடு 5 சதவிகிதம் தாவரக் கழிவு வில்லைகளையும் கலந்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் அனல்மின் நிலையங்களுக்கு விதி செய்தது. 2023-ல் திருத்தியபோது 2025-26க்கு அது 7 சதவிகிதம் ஆனது. கேரளத்தில் நிலக்கரி மின்நிலையமே கிடையாது என்பதால் முதலமடைச் சருகுக்கு இதனால் நேர்ப் பலன் குறைவு. அருகிலுள்ள வாடிக்கையாளர் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் பாய்லர்தான். ஆனால் இந்தூர் செய்திருக்கும் ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். அந்த நகரத்துப் பூங்காக்களும் வீட்டுத் தோட்டங்களும் சாலை மரங்களும் நாளொன்றுக்குச் சுமார் 30 டன் கழிவு தருகின்றன. இலையுதிர் காலத்தில் இது இரு மடங்காகும். இதை வில்லையாக்கும் ஆலையை மாநகராட்சி தனியாரோடு சேர்ந்து அமைக்கும் திட்டம் 2025-ல் அறிவிக்கப்பட்டது. மரக்கழிவு டன்னுக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய் மாநகராட்சிக்கு வரும் என்றார்கள். குப்பையை எடுத்துப்போகக் காசு கொடுத்த காலம் போய், காசு வாங்கும் காலம். கிளைகளை மூன்று நான்கு மாதம் உலரவிட்ட பிறகே அரைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாநகராட்சியிடம் வண்டி இருக்கிறது, ஆள் இருக்கிறது, மரம் நிற்கும் சாலையும் அதனுடையதே. முதலமடையில் மூன்றும் கிடையாது. மாந்தோப்புகள் பெரும்பாலும் குத்தகையில் இருக்கின்றன. பூ பிடிப்பதற்கு முன்பே விலை பேசி எடுக்கும் குத்தகைக்காரருக்குக் காய் போதும். கிளையும் சருகும் நிலத்துக்காரர் பாடு. நிலத்துக்காரர் பல நேரம் ஊரிலேயே இருப்பதில்லை. பருவமும் ஒத்துழைப்பதில்லை. அறுவடை முடிந்து கவாத்து செய்யும் நேரத்தில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். பச்சைக் கிளையில் பாதி எடை தண்ணீர். மேலே மழை வேறு. இயற்கையாகவே காய்ந்த சருகு கிடைக்கும் ஜனவரி, பிப்ரவரியிலோ கூலியாட்கள் எல்லாரும் மாங்காய்ப் பறிப்பில் இருப்பார்கள். எண்டோசல்பான் காலத்தின் கசப்பு நினைவில் உள்ள ஊர் இது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதும் தடை செய்த பிறகும், மருந்தடிக்கும் தோப்பின் இலையைச் சமையலறைக்கு அனுப்ப யாரும் அவசரப்படக்கூடாது. மாங்கிளை பாய்லருக்குப் போகட்டும், தென்னை மட்டை வீட்டுக்கு வரட்டும் என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சருகுக்கு ஏற்கெனவே உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எந்தத் திட்ட அறிக்கையிலும் இடம்பெறாத சங்கதி. முதல் உரிமை மண்ணுக்கு. காசர்கோட்டு நிலையம் தென்னை ஓலையைத் தின்னும் உள்ளூர் மண்புழு இனம் ஒன்றைக் கண்டெடுத்து, ஓலையை உரமாக்கித் தென்னைக்கே திருப்பிப் போடச் சொல்லிப் பல ஆண்டுகளாகிறது. 2016-ல் பொள்ளாச்சி, பாலக்காடு பகுதிகளில் முதன்முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயும், வேர்வாடல் நோயும் தென்னையை வாட்டும் காலத்தில், மரத்துக்குப் போக வேண்டிய சத்தைத் திருப்பூருக்கு லாரியில் அனுப்புவது சரியா என்று விவசாயி யோசிக்கத்தான் வேண்டும். எரிகட்டியின் சாம்பல் பாய்லர் வாசலில் கொட்டப்படும். தோப்புக்குத் திரும்பி வராது.

இரண்டாவது உரிமை இன்னும் மென்மையானது, எழுத்தில் இல்லாதது. தேங்காய் பறிப்பு முடிந்த தோப்பில் மட்டை பொறுக்கிக்கொள்ளக் கூலிக்காரப் பெண்களை யாரும் தடுப்பதில்லை. ஈர்க்கு துடைப்பத்துக்கு, மட்டை அடுப்புக்கு, ஓலை கொட்டகைக்கு. நிலம் இல்லாத தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த எல்லையோரக் காலனிகளில், சிலிண்டர் தீர்ந்த மாதங்களை இந்தத் தலைச்சுமைதான் தாங்குகிறது. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் இணைப்பைக் கொடுத்தது; அடுத்த சிலிண்டருக்குக் காசு அவர்கள்தான் தேட வேண்டும். கிலோவுக்கு ஒரு ரூபாய் என்று விலை வைத்துவிட்டால் போதும், நேற்றுவரை கேட்பாரற்ற மட்டை நாளைக்குக் கணக்கில் ஏறும். தோப்புக்கு வேலி வரும். தொட்டிக்கு நடந்தது இதுதான். அப்போது யாரும் இதை ஒரு பிரச்சினையாகவே பேசவில்லை.

வழி இல்லாமல் இல்லை. வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களைக் கேரளம் ஏற்கெனவே பஞ்சாயத்துதோறும் நிறுத்தியிருக்கிறது. மட்கும் குப்பை அவர்கள் வேலையில் சேர்ந்ததல்ல. மட்டை பொறுக்குகிறவர்களையே சேர்த்து, தோப்புக்காரரிடமிருந்து சருகை எடுக்கும் உரிமையைக் குழுவுக்கு எழுதி வாங்கி, நறுக்கும் இயந்திரத்தையும் கரி டிரம்மையும் அவர்கள் கையில் கொடுத்தால், விலை வரும்போது அது முதலில் அவர்களுக்கு வரும். ஓலையில் பாதி மண்புழுவுக்கு, மட்டையும் கிளையும் கட்டிக்கு என்று பங்கு பிரிப்பதையும் அவர்களே செய்யலாம். இலை உரமாகும், மட்டை உரமாக நாளாகும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. பெரிய ஆலை ஒன்று முதலில் வந்து, பிறகு பெண்கள் குழு அதற்குச் சருகு சப்ளை செய்வது என்றால் விலையை யார் சொல்வார்கள் என்பது தெரிந்ததே.

நனையாமல் உலர்த்த இடம் வேண்டும் என்பதுதான் அப்போதும் மிஞ்சும் செலவு. அதற்குப் புதிதாக எதுவும் கட்டத் தேவையில்லை. மாங்காய்ப் பருவம் முடிந்ததும் முதலமடையின் பேக்கிங் கொட்டகைகள் காலியாகிவிடும். அடுத்த பருவம் வரை அவற்றில் கிடப்பது கொஞ்சம் வைக்கோலும் பழைய அட்டைப் பெட்டிகளும்தான்.